பட்டு வேட்டியில் காணாமல் போனவர்

நான் நான்காம் வகுப்பு படித்தபோது எங்கள் பெரிய மாமா காணாமல் போனார். அம்மாவின் அண்ணன், எங்களோடுதான் இருந்தார்; வயதாகி ஞாபகம் தப்ப ஆரம்பித்திருந்தது. சங்கரன்கோவிலில் எங்கள் தெரு முழுக்கத் தறிச் சத்தம். அந்தச் சத்தத்தில் அவர் கதவைத் திறந்துகொண்டு போனது யாருக்கும் கேட்கவில்லை.

அக்கம்பக்கமெல்லாம் தேடிவிட்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். மாமாவைப் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்று நான் வழியெல்லாம் அழுதேன். அங்கே இருந்த பெண் ஏட்டு, மாமா என்ன உடுத்தியிருந்தார் என்று கேட்டார். அப்பா வெள்ளைச் சட்டை என்றார், அண்ணன் நீலம் என்றான், அம்மா கட்டம் போட்டது என்றாள். மூன்று மாமாக்களைத் தேடவேண்டும் போலிருந்தது.

“அழாதீங்கக்கா. பஸ் ஸ்டாண்டு கேமராவைப் பார்ப்போம்” என்று அம்மாவைத் தேற்றினார் ஏட்டம்மா.

படத்தில் மாமா வந்தார். பீரோவில் இருந்த பட்டு வேட்டி, தோளில் நேரியல், நெற்றியில் சந்தனம். கம்பீரமாக சிவகிரி பஸ்ஸில் ஏறினார்.

ஏட்டம்மா சிரித்துவிட்டார். “வழி தெரியாமப் போறவரு இப்படியா உடுத்துவாரு? இன்னைக்கு முகூர்த்த நாளு. விசேஷ வீட்டுக்குத்தான் போயிருக்காரு.”

மாமாவின் படம் போனிலேயே சிவகிரி ஸ்டேஷனுக்குப் பறந்தது. அந்த பஸ் கண்டக்டரை விசாரித்தார்கள். ஒரு கல்யாண மண்டபத்துக்கு எதிரே இறக்கிவிட்டதாகச் சொன்னார். உடனே ஜீப்பில் கிளம்பினோம். சைரன் போடச் சொல்லிக் கெஞ்சினேன், போடவில்லை.

மண்டப வாசலில் நின்று மாமா பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார். “வாங்க, வாங்க! சாப்பிட்டுத்தான் போகணும்!” பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்றும், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்காரர் என்றும் நினைத்திருந்தார்கள். காக்கிச் சட்டையோடு இறங்கிய ஏட்டம்மாவுக்கும் பன்னீர் கிடைத்தது.

அம்மா ஓடினாள். மாமா அவளைப் பார்த்து அதட்டினார். “ஏட்டி, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தாச்சு. நீ இன்னும் சேலை மாத்தலையா?”

“இந்தா மாத்திட்டு வாரேன்ணே” என்றாள் அம்மா, அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு.

விஷயம் தெரிந்ததும் பெண்ணின் அப்பா எங்கள் எல்லோரையும் பந்தியில் உட்காரவைத்தார். நான் இரண்டு முறை பாயசம் வாங்கினேன். மாமா இலை இலையாகப் போய், இன்னும் என்ன வேண்டும் என்று விசாரித்தார்.

என்ன அருமையாக நடிக்கிறார் என்று நினைத்தேன். வீட்டில் இன்னொரு தடவை நடித்துக்காட்டச் சொல்லி வெகுநாள் நச்சரித்தேன். மாமா தன் நினைப்பில் தங்கையான என் அம்மாவின் கல்யாணத்தில்தான் நின்றுகொண்டிருந்தார் என்பதும், அது நல்லபடியாக முடியட்டும் என்றுதான் அம்மா அப்படிப் பதில் சொன்னாள் என்பதும் அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.