எட்டாயிரத்து இருநூறு ஓம்

இதை நம்புங்கள் என்று யாரையும் நான் கெஞ்சப் போவதில்லை. நடந்தது எனக்கு. நாள், நேரம், மீட்டர் காட்டிய எண் எல்லாம் என் நோட்டில் இருக்கிறது. அமாவாசையும் இல்லை, நடுநிசியும் இல்லை. பிப்ரவரி மாதம், செவ்வாய்க்கிழமை, பட்டப்பகல் 1:40.

கனடாவில், ஒண்டாரியோ மாகாணத்தின் வடக்குப் பகுதியில் ஒரு காகித ஆலை. நான் லொரெய்ன், எலக்ட்ரீஷியன். அங்கே வேலைக்குச் சேர்ந்து அன்று எண்பத்தேழாவது நாள். தொண்ணூறு நாள் தாண்டிவிட்டால் வேலை நிரந்தரம். அதற்குள் ஃபோர்மன் முகம் சுளித்தால் போதும், காரணம்கூடச் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அதற்கு முன் பதினோரு மாதம் வேலையில்லாமல் கிடந்தவள் நான். இன்னும் மூன்றே நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால் போதும் என்றுதான் இருந்தேன்.

அன்றைய வேலை சின்னதுதான். அடித்தளத்தில் ஒரு ஸ்விட்ச் பெட்டி. அதிலிருந்து ஒரு பழைய கேபிள் சுவருக்குள் புகுந்து, மேலே புதிதாக வைத்த பம்புக்குப் போகிறது. வரைபடம் அப்படித்தான் சொன்னது. அறுநூறு வோல்ட் கொடுப்பதற்கு முன் கேபிளைச் சோதித்துச் சொல்ல வேண்டும். ஸ்விட்சை அணைத்தேன். என் பெயர் எழுதிய பூட்டை அதில் மாட்டினேன். ஒருவர் போட்ட பூட்டை அவர்தான் திறக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

மின்சாரத்தில் மாயமெல்லாம் கிடையாது. புறப்பட்ட இடத்துக்கே அது திரும்பி வர வேண்டும். வழியில் ஓரிடத்தில் கம்பி அறுந்திருந்தாலும் ஓடாது. ஸ்விட்ச் என்பது நாமே வைக்கும் இடைவெளி, அவ்வளவுதான். மேலே பம்பு பக்கம் என் கூட்டாளி எய்னோ கம்பிகளைக் கழற்றித் தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்தான். ஆகவே கீழே இரண்டு கம்பிகளிலும் நான் மீட்டரை வைத்தால், ‘பாதை இல்லை’ என்றுதான் காட்ட வேண்டும்.

வைத்தேன்.

8,200 ஓம்.

வாக்கி டாக்கியை எடுத்தேன். “எய்னோ, கம்பியில இருந்து கைய எடுடா.”

“எந்தக் கைய? ஒண்ணுல சாண்ட்விச், இன்னொண்ணுல காபி. பெட்டிக்கு ரெண்டடி தள்ளி நிக்கிறேன் தாயே.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த எண்ணை நான் முன்பே பார்த்திருக்கிறேன். பயிற்சி வகுப்பில் ஆளுக்கு இரண்டு செம்புக் குழாய் கொடுத்து, இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, எங்கள் உடம்பையே மீட்டரால் அளந்தார்கள். மனித உடம்பும் மின்சாரத்தைத் தடுக்கும் ஒரு ரெசிஸ்டர்தான்; அந்தத் தடையின் அளவுதான் ஓம். கை வேர்த்தவர்களுக்கு எட்டாயிரம், பத்தாயிரம் என்று வந்தது; வேர்க்க வேர்க்க எண் குறையும்.

1:52. மீட்டரை வேறு கம்பியில் வைத்துச் சரிபார்த்தேன். மீட்டர் நன்றாகத்தான் இருந்தது. திரும்பவும் கேபிளில் வைத்தேன்.

8,150... 8,240... 8,150... 8,240...

கேபிளில் ஈரம் இருந்தால் எண் ஒரே பக்கமாக நகரும். இது ஏறி இறங்கியது. யாரோ மூச்சு விடுவதுபோல.

1:58. சுவரைப் பார்த்துச் சொன்னேன். “யாராவது பிடிச்சிருந்தா... விடு.”

‘பாதை இல்லை.’

ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு... ஐந்து...

8,200.

பின்னால் காலடிச் சத்தம். தூக்கிவாரிப் போட்டது. ஃபோர்மன் கார்ட்.

“என்னம்மா, இன்னுமா முடியல? மேல எல்லாரும் காத்துக் கிடக்கிறாங்க.”

மீட்டரைக் காட்டினேன். எட்டிப் பார்த்தார். “ஈரம்,” என்றார்.

“ஈரம் சொன்ன பேச்சு கேக்குமா?” மீட்டரை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். “விடு,” என்றேன்.

‘பாதை இல்லை.’

ஐந்து எண்ணினேன். திரும்ப வந்தது. இந்த முறை 6,000. கை இன்னும் வேர்த்துவிட்டது.

கார்டின் முகம் வெளுத்தது. அடுத்த நொடி கோபம் வந்தது.

“போதும் விளையாட்டு. பூட்டைத் திற. ஏதாவதுன்னா ஃபியூஸ் போயிடப் போகுது.”

“ஃபியூஸ் கம்பியத்தான் காப்பாத்தும், ஆளக் காப்பாத்தாது. ஃபியூஸ் உருகணும்னா அறுபது ஆம்பியர் வேணும். ஒரு ஆள் சாக, ஒரு ஆம்பியர்ல பத்துல ஒரு பங்கு போதும்.”

“எந்த ஆளு? எல்லாரையும் எண்ணியாச்சு. அங்க யாருமே இல்ல!”

“யாருன்னு எனக்கும் தெரியல. ஆனா பிடிச்சிருக்கிறது ஒரு ஆளு. நான் திறக்க மாட்டேன்.”

“திறக்கலேன்னா கிளம்பு. நாளைக்கும் வராத.”

“கிளம்புறேன். சாவி என்கூட வருது.”

அவர் கத்திக்கொண்டே படியேறிப் போனார். பொய் சொல்ல மாட்டேன், எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. பேயோ, பிசாசோ, எது வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒருவர்மேல் கரண்டைப் பாய்ச்ச என்னால் முடியாது.

2:15. மீட்டரைப் பார்த்தேன்.

5,000... 4,700... 4,300...

“பயப்படாத. நான் போட மாட்டேன்.”

4,300...

5,800...

7,600...

8,200.

மீட்டரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று மணிக்கு என் கணக்கைத் தீர்த்து அனுப்பினார்கள்.

ஒன்பது நாள் கழித்து எய்னோ என் வீட்டுக்கு வந்தான். வாயாடி அவன். அன்று கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்துவிட்டான். ஆள் இல்லாதபோது ஒருவரின் பூட்டை வெட்ட வேண்டுமானால், லைன் முழுவதையும் நேரில் பார்த்த பிறகுதான் வெட்டலாம் என்பது விதி. பார்த்திருக்கிறார்கள். ஒரு செங்கல் சுவருக்குள் போன கேபிள் எந்தப் பக்கமும் வெளியே வரவில்லை. சுவரை இடித்திருக்கிறார்கள்.

“உள்ள ஒரு சின்ன ரூம். வரைபடத்துலயே இல்ல. கதவு கிடையாது, ஜன்னல் கிடையாது. நம்ம கேபிள் அங்கயே அறுந்து நிக்குது. நான் பிரிச்சு வெச்ச கம்பிக்கும் உன்னோடதுக்கும் சம்பந்தமே இல்ல.”

“உள்ள யாரு?”

“யாருமில்ல. கணுக்கால் அளவு தூசி. ஒரு காலடித்தடம்கூட இல்ல. உன் பக்கத்துக் கம்பி ரெண்டும் நுனி உரிஞ்சு, கைய விரிச்சா எட்டுற தூரத்துல தொங்குது. செம்பு கறுத்துப்போயிருக்கணும்ல? பளபளன்னு இருந்துச்சு.”

அந்த ஆலையில் யாராவது கரண்ட் அடித்துச் செத்திருக்கிறார்களா என்று கேட்டேன். யூனியனில் விசாரித்தானாம். அப்படி ஒருவர்கூட இல்லை.

எய்னோ தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“வெளியில மைனஸ் முப்பது. அந்த ரூம்ல சுவரெல்லாம் ஐஸ். நான் ரெண்டு நுனியையும் தொட்டுப் பார்த்தேன் லொரெய்ன். வெதுவெதுன்னு இருந்துச்சு. வேர்வை பட்ட மாதிரி ஈரமாவும் இருந்துச்சு.”