எட்டு மணிப் பேட்டியில் நான் சொன்ன பொய்

காலை எட்டு மணிச் செய்தி முடிந்ததும் வானொலியில் அரை மணி நேரம் ஒரு பேட்டி வரும். பெரிய மனிதர் யாரையாவது அழைத்து உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் நாங்கள் ஐந்து பெண்கள் வேலை பார்க்கும் கொட்டகையில் அந்த நேரத்தில் கையும் நிற்காது, என் வாயும் நிற்காது. அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் ஓரப் பிசிறைக் கத்தியால் சீவிக்கொண்டே நான் அவர்களுக்குப் பதில் கொடுப்பேன்.

"பணிகள் சிறப்பாக நடந்து வருகின்றன" என்பார் ஒருவர். "எங்கய்யா நடக்குது? எங்க தெருவுல நீ வந்து நடந்து பாரு, முழங்கால் வரைக்கும் சேறு" என்பேன். "பொதுமக்கள் மிகுந்த மகிழ்ச்சியில் இருக்கிறார்கள்" என்பார் இன்னொருவர். "யாரு உங்கிட்ட வந்து சொன்னாங்க? என்னைக் கேட்டியா?" என்பேன். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அங்கே எனக்குப் பெயரே எதிர்க்கட்சிதான். எங்கள் முதலாளி பாய்கூட, "எதிர்க்கட்சி இன்னிக்கு என்ன சொல்லுது?" என்று கேட்டுவிட்டுத்தான் சூளைப் பக்கம் போவார். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது, மறைப்பானேன்.

எங்களில் சின்னவள் ஒருத்தி. கருவேப்பிலங்குறிச்சிக்கு உள்ளே தள்ளி ஒரு ஊரிலிருந்து வருவாள். புருஷன் இல்லை, ஒரு பெண் குழந்தை, இவள் சம்பாத்தியம்தான் அந்த வீட்டுக்கு. அவள் வருகிற முதல் டவுன் பஸ்ஸைத் திடீரென்று நிறுத்திவிட்டார்கள். அடுத்த பஸ் பிடித்து வந்தால் ஒன்பதரை ஆகிவிடும். எங்கள் வேலையோ ஏழரைக்குத் தொடங்குவது. ஈரம் காய்வதற்குள் பிசிறு சீவவேண்டும், காய்ந்த பிறகு கத்தி வைத்தால் பொம்மை உடைந்து போகும். அவள் பங்கை நாங்கள் நாலு பேரும் எத்தனை நாள்தான் இழுத்துப் போட்டுச் செய்வது?

பாய் நல்ல மனுஷர். இருந்தாலும் அவருக்கும் ஆர்டர் இருக்கிறது. வேறு ஆள் பார்க்கிறேன் என்று அவர் சொன்னபோது நான்தான் போய்ப் பேசினேன். தலையைச் சொறிந்துகொண்டே, "உனக்காக இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேம்மா. அதுக்குள்ள பஸ்ஸு வந்தா வரட்டும், இல்லாட்டி என் மேல வருத்தப்படக் கூடாது" என்றார்.

அந்த வாரமே, போக்குவரத்துப் பெரிய அதிகாரி ஒருவர் பேட்டிக்கு வரப்போவதாக வானொலியில் சொன்னார்கள். நேயர்கள் போன் செய்து கேட்கலாமாம். "நீ கேளுக்கா. உன் வாய்க்குப் பயந்தே பஸ்ஸ விட்டுருவாங்க" என்றாள் சின்னவள். கேட்கிறேன் பார் என்றேன். அந்த ஒரு நாளைக்கு என்று கெஞ்சிக் கேட்டு அவள் விடியற்காலையில் பால் வண்டியில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

இருபது தடவையாவது போட்டிருப்பேன், லைன் கிடைத்துவிட்டது. உள்ளே வானொலி ஓடுவதால் நான் வெளியே வேப்பமரத்தடிக்கு வந்து நின்றேன். "விருத்தாசலத்திலிருந்து ஒரு சகோதரி இணைந்திருக்கிறார்" என்றது பேட்டி எடுக்கிற பெண்ணின் குரல். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். அதற்குள் அந்த அதிகாரி, "வணக்கம்மா, நல்லா இருக்கீங்களா?" என்றார்.

"நல்லா இருக்கேன் சார். நீங்க நல்லா இருக்கீங்களா சார்?"

"இருக்கேம்மா. உங்க பக்கந்தான், எங்க அக்காவ ஸ்ரீமுஷ்ணத்துலதான் குடுத்திருக்குது. ஊர்ல பஸ்ஸெல்லாம் எப்படி ஓடுது?"

"நல்லா ஓடுது சார். ஒரு கொறையும் இல்ல சார்."

அடப்பாவி, நானா சொன்னேன்? நானேதான். ரொம்ப சந்தோஷம்மா என்றார் அவர். நான் வேறு, "அக்காவக் கேட்டதா சொல்லுங்க சார்" என்றேன். முகம் தெரியாத அந்த அக்காவை! நன்றி சகோதரி என்று சொல்லி அடுத்த ஆளிடம் போய்விட்டார்கள்.

இத்தனை நாள் வானொலியைப் பார்த்துக் கத்தினேனே, அங்கே எனக்கு யாரும் வணக்கம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே என் சாயம் வெளுத்திருக்கும். நல்லா இருக்கீங்களா என்று ஒருவர் கேட்டால், காய்ச்சலில் கிடந்தாலும் நல்லா இருக்கேன் என்று சொல்லிப் பழகிய வாய் இது. எல்லாம் சிறப்பு என்று பேட்டியில் சொல்கிறவர்களும் என்னைப் போலத்தான் போலிருக்கிறது என்று முதல் தடவையாக அவர்கள் மேல் இரக்கம் வந்தது. வந்து என்ன பிரயோஜனம்?

கொட்டகைக்குள் போனேன். சின்னவள் தலையைக் குனிந்து ஒரு பொம்மையைச் சீவிக்கொண்டிருந்தாள். "என்னமோ ஆயிருச்சுடி எனக்கு" என்றேன். "பரவால்லக்கா. பெரியவங்க கேக்கறப்ப அப்புடித்தான் வரும்" என்றாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அதோடு போகவில்லை. அவள் ஊர்க்காரர்கள் மனு எடுத்துக்கொண்டு பஸ் ஆபீசுக்குப் போனபோது, "உங்க பக்கத்து அம்மா ஒருத்தங்களே கொறை இல்லன்னு ரேடியோவுல சொன்னாங்களே" என்று கேட்டாராம் அங்கே உட்கார்ந்திருந்தவர். அதையும் அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "வுடுக்கா, அதுக்காகவா பஸ்ஸ வுடாம இருப்பாங்க" என்றாள். எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மாதக் கடைசிக்கு ஒரு வாரம்கூட இல்லை. தினமும் எட்டே காலுக்குப் போனை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனேன். யார் பேட்டிக்கு வருகிறார்கள் என்று பார்க்கவே இல்லை. நாலாவது நாள் லைன் கிடைத்தது. அன்றைக்கு வந்திருந்தவர் சர்க்கரை நோய்க்கு வைத்தியம் பார்க்கிற ஒரு பெரிய டாக்டர்.

"வணக்கம்மா, உங்களுக்குச் சர்க்கரை எத்தனை வருஷமா இருக்குது?" என்றார்.

இந்தத் தடவை நான் வணக்கமே சொல்லவில்லை. சொன்னால் மறுபடி குழைந்துவிடுவேன் என்று பயம். "எனக்கு அதெல்லாம் இல்ல டாக்டர். அன்னிக்கு இதே ரேடியோவுல, பஸ்ஸுல ஒரு கொறையும் இல்லன்னு ஒரு பொம்பள சொன்னா. அது நான்தான். நான் சொன்னது பொய்யி" என்றேன்.

"சகோதரி, இது மருத்துவ நிகழ்ச்சி" என்று அந்தப் பெண் குறுக்கே வந்தாள். "இருங்கம்மா, அவங்க சொல்லி முடிக்கட்டும்" என்றார் டாக்டர். அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்கட்டும். எந்த ஊர், எந்த பஸ், எத்தனை மணி, அது வராததால் யாருக்கு வேலை போகப் போகிறது எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். பயந்துகொண்டு பொய் சொன்னேன் என்பதையும் சொன்னேன். உள்ளே வந்தால் பாய் வானொலிக்குப் பக்கத்தில் நிற்கிறார். என்னைப் பார்த்ததும் சூளைப் பக்கம் போய்விட்டார்.

நான் பேசியதால்தானா, ஊர்க்காரர்கள் மனுவோடு பஸ் ஆபீசுக்கு விடாமல் நடந்ததாலா, எனக்குத் தெரியாது. மாதம் முடிய ஒரு நாள் இருக்கும்போது முதல் பஸ் திரும்ப வந்தது. அன்று காலையில் ஏழு மணிக்கே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் காத்திருந்தேன். பஸ் வந்து நின்றதும் சாப்பாட்டுப் பையோடு அவள் இறங்கினாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அவள் கையை உதறினாள்.

"கொறையே இல்லன்னு சொல்ல உனக்கு எப்புடிக்கா மனசு வந்துச்சு? நான் அங்க உக்காந்து கேட்டுக்கிட்டுதான இருக்கேன்? ஊர்ல என்னைக் கேக்காத கேள்வி இல்ல. ராத்திரில புள்ளயக் கட்டிக்கிட்டு எத்தினி நாளு அழுதேன் தெரியுமா?"

பூக்காரி திரும்பிப் பார்த்தாள். கண்டக்டர் விசில் ஊத மறந்து நின்றார். "அப்புறம் ஏன்டி பரவால்லன்னு சொன்ன? அன்னிக்கே நாலு திட்டு திட்டியிருக்கலாமே" என்றேன்.

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எப்புடிக்கா திட்டுவேன்? நீ கோவிச்சிக்கிட்டா பாய்கிட்ட எனக்காக யாரு பேசுவா?"