அந்த ஒயரை நான் விட்டிருக்க வேண்டும்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவன் பேயைப் பற்றிப் பேசினால் ஊர் சிரிக்கும் என்று எனக்கும் தெரியும். நானே சிரித்தவன்தான். ஆனால் இது நடந்தது. செகந்திராபாத் மல்காஜ்கிரியில், பட்டப்பகலில், தெருவில் பழைய இரும்புக்காரர் கத்திக்கொண்டு போகும்போது நடந்தது. இத்தனை நாள் வாய் திறக்காததற்குக் காரணம் பயம் இல்லை. நான் செய்த காரியம்.

உதய் தேஜாவுக்கு இருபத்து நாலு வயது. என் பழைய வாடிக்கையாளன். தானே பாட்டெழுதி, தானே பாடி, தன் அறைக் கம்ப்யூட்டரில் பதிவுசெய்து வைப்பான். பெற்ற அம்மாவுக்குக்கூடப் போட்டுக் காட்டமாட்டான். கேட்டால், “முழுசா முடியட்டும் அண்ணா” என்பான். ஒரு லாரி அவனை முடிக்க விடவில்லை. அவன் போன மறுவாரமே கம்ப்யூட்டரும் படுத்துவிட்டது. ஆன் செய்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான்.

பதினோராம் நாள் காலை பத்தரைக்குப் போனேன். வீடே ஏரிக்கரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. போனவருக்குப் பிடித்ததை இலையில் வைத்துவிட்டு விலகி நிற்பார்கள். காக்கை தொட வேண்டும். தொடவில்லையென்றால் மனசில் ஏதோ குறை வைத்துக்கொண்டு போயிருக்கிறார் என்று அர்த்தம். உதய்க்கு மட்டன் பிரியாணி. அண்டா வாசலில் இருந்தது.

அவன் அம்மா சுகுணம்மா என்னிடம் வந்து நின்றார்.

“யாதகிரி பாபு, அவன் பாட்டெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. எடுத்துடலாம்ல?”

“ஒரு மணி நேர வேலைம்மா.”

“ஒண்ணும் அழிஞ்சுடாதே?”

“நான் என்ன நேத்து தொழிலுக்கு வந்தவனாம்மா?”

அண்டாவின் ஒரு பக்கத்தைத் தூக்கியபடி உதயின் அக்கா லாவண்யா திரும்பிப் பார்த்தாள். “பொறுமையா பண்ணுங்கண்ணா. உங்க அவசரம் எங்களுக்குத் தெரியாததா?”

எல்லோரும் போனார்கள். வீட்டில் நான் மட்டும்.

கம்ப்யூட்டர் தானாக எழவில்லையென்றால் வெளியிலிருந்து ஒரு டிரைவைச் செருகி, அதைக் கொண்டு எழுப்பி, உள்ளே இருப்பதை நகல் எடுத்துக்கொள்வோம். என் பையில் அப்படி இரண்டு டிரைவ்கள் உண்டு. இரண்டும் கறுப்பு, ஒரே அளவு, ஒயர் வைத்துச் செருகுபவை. ஒன்று நகல் எடுக்க மட்டும். இன்னொன்று பள்ளிக்கூட லேப்களுக்காக நானே தயார் செய்தது. செருகி எழுப்பினால் போதும், ஒரு கேள்வி கேட்காமல் பழையதை வழித்துத் துடைத்துவிட்டுப் புதிதாக எல்லாவற்றையும் ஏற்றும். நாற்பது கம்ப்யூட்டருக்கு யார் உட்கார்ந்து பட்டன் அழுத்திக்கொண்டிருப்பது? அதில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் எப்போதோ உதிர்ந்துவிட்டது. ஒரு மணிக்கு உப்பலில் வேறு வேலை. கைக்கு வந்த டிரைவை எடுத்தேன். பார்த்து எடுத்தேனா? இல்லை.

மணி 11:12. முன்பக்கம் செருகினேன். எதிலிருந்து எழ வேண்டும் என்று காட்டும் பட்டியலில் டிரைவ் வரவேயில்லை. இது சகஜம். பின்பக்கம் செருகினேன். வந்தது. அதை முதலிடத்தில் வைத்துச் சேமித்தேன்.

திரும்ப எழுந்தபோது அதே வட்டம். உள்ளே போய்ப் பார்த்தேன். டிரைவ் மறுபடி கடைசி இடத்தில் இருந்தது.

சேமித்ததை நினைவில் வைக்கும் போர்டு பேட்டரி தீர்ந்திருக்கும் என்று புதிது போட்டேன். 11:40. முதலிடத்தில் வைத்தேன். சேமித்தேன். மறுபடியும் கடைசி. குனிந்து பார்த்தால் ஒயர் பாதி வெளியே வந்திருந்தது. அழுத்திச் செருகினேன்.

11:58. இந்த முறை ஒயர் மேசைமேல் இருந்தது. அழகாகச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு...

என்னிடம் ரப்பர் பேண்ட் கிடையாது.

மின்விசிறியை நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்று தெரியவில்லை. அறை கப்சிப்பென்று ஆனது.

12:20. ஆணியில் மாட்டியிருந்த ஹெட்போனிலிருந்து...

“க்ஹும்.”

பாடப் போகிறவன் தொண்டையைச் சரிசெய்வானே... அது.

புத்தியுள்ளவன் ஓடியிருப்பான். எனக்கு வீம்பு. பேய் துரத்தியது என்று கடையில் போய்ச் சொன்னால் மானம் போகாதா? மறுபடி செருகினேன். கழலாமல் இடது கையால் பிடித்துக்கொண்டேன். வலது கையால் டிரைவைத் தேர்ந்தெடுத்தேன்.

ஒயர் இழுபட்டது.

முரட்டு இழுப்பு இல்லை. “கொஞ்சம் இருங்கண்ணா” என்று மவுஸை என் கையிலிருந்து வாங்குவானே... அதே மாதிரி.

நான் இறுக்கிப் பிடித்தேன்.

“விடுடா! உன் நல்லதுக்குத்தான்!”

விட்டுவிட்டது.

நான் என்டரைத் தட்டினேன்.

திரை நீலமானது. புதிதாக ஏற்றப்படுகிறது... ஒரு சதவீதம்.

நான் செருகியிருந்தது பள்ளிக்கூட டிரைவ்.

சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன். மணி 12:43.

அவர்கள் வருவதற்குள் டிஸ்க்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு நழுவினேன். அது எஸ்எஸ்டி. அதில் துடைத்தால் துடைத்ததுதான். தெரிந்தும் நாலு நாள் முட்டி மோதினேன். பாட்டில் ஒரு வரிகூடத் திரும்பவில்லை.

ஐந்தாம் நாள் சுகுணம்மாவிடம் போனேன். “டிஸ்க் முன்னாடியே போயிருந்துச்சும்மா” என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீ என்ன பண்ணுவ பாபு? உன்னால ஆனதைப் பண்ணின. சாப்பிட்டுப் போ.”

சாப்பிட்டேன். பொய் சொன்னதைக்கூட எனக்கு நானே மன்னித்துவிடுவேன் போலிருக்கிறது. அந்த வீட்டில் உட்கார்ந்து இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டதைத்தான் முடியவில்லை.

ஒரு மாதம் கழித்து லாவண்யா கடைக்கு வந்தாள். போனில் இடமில்லை, பழைய வீடியோக்களை வேறு எதிலாவது மாற்றித் தர வேண்டும் என்றாள். மாற்றும்போது ஒன்று ஓடியது. டல்லாஸில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்புவதற்காக ஏரிக்கரையில் எடுத்தது.

“ஒன்றரை மணி நேரம் ஒரு காக்கா கிட்ட வரலண்ணா. அம்மா ஒவ்வொண்ணா கேட்டுப் பார்த்தாங்க. இதைப் பாருங்க.”

இலை. பிரியாணி. சுகுணம்மாவின் குரல் மட்டும் கேட்டது. “உன் பாட்டுக்கு ஒண்ணும் ஆகாதுடா கண்ணா. யாதகிரி பத்திரமா எடுத்துத் தரேன்னு சொல்லியிருக்கான். வா... வந்து சாப்பிடு.”

ஒரு காக்கை இறங்கியது. தத்தித் தத்தி வந்தது. இலைக்கு மேல் அலகைத் தாழ்த்தியது. சட்டென்று தலையை நிமிர்த்தியது. பறந்துவிட்டது.

தொழில் பழக்கத்தில் வீடியோ எடுத்த நேரத்தைப் பார்த்தேன். 12:43.

“அப்புறம் இருட்டற வரைக்கும் எதுவும் வரல. இலையை ஏரியில விட்டுட்டு வந்தோம். ஒரு மாசம் ஆனதும் மறுபடி வெச்சோம், அப்பவும் தொடல. என்ன குறையோ அவனுக்கு... அம்மா தூங்கறதே இல்ல.” அவள் என் முகத்தைப் பார்த்தாள். “உங்ககிட்ட நல்லாப் பேசுவானே. உங்களுக்கு ஏதாவது தெரியுமாண்ணா?”

“தெரியாதும்மா” என்றேன்.