ஒரு கரண்டி நல்லெண்ணெய்

மாதத்தில் இரண்டு நாள், கைபேசி ஒலித்தாலே கைப்பையைத் தேடுவேன். மகளின் பள்ளியிலிருந்துதான் இருக்கும். பிளஸ் டூ படிக்கிறாள். வலி தாங்காமல் ஆசிரியைகள் அறை பெஞ்சில் சுருண்டு கிடக்கிறாள், வந்து கூட்டிப் போங்கள் என்பார்கள். மேலதிகாரியிடம் ஏதோ சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து ஓடுவேன். வீட்டுக்கு வரும் வழியில் ஒரு தடவையாவது வண்டியை நிறுத்தி வாந்தி எடுப்பாள். கிழக்கேகோட்டை பஸ் நெரிசலில் ஓரங்கட்ட இடமில்லாமல் ஆட்டோக்காரரும் நானும் சண்டை போட்டிருக்கிறோம்.

என்னிடம் வைத்தியம் இல்லாமல் இல்லை. மலையாள ஊரில் தலைமுறைகளாக இருக்கும் எங்கள் வலியசாலைத் தமிழ் வீடுகளில் பெண்களுக்கு அந்த முதல் நாள் காலையில், வெறும் வயிற்றில், ஒரு கரண்டி நல்லெண்ணெய் கொடுப்பது வழக்கம். சாலைக் கடைத்தெருவில் செக்கில் ஆட்டியதாகப் பார்த்து வாங்கி வைத்திருப்பேன். "கண்ண மூடிண்டு குடி, உள்ளே எல்லாம் இளகிடும்" என்பேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பாள். மாத்திரை மட்டும் லேசில் தர மாட்டேன். பழகிவிடும் என்ற பயம். அவள் "அம்மா, வய்யா, முடியலே, சத்தியமா வய்யா" என்று அலறின பிறகுதான் அலமாரியைத் திறப்பேன். மாத்திரை உள்ளே போன கால் மணி நேரத்தில் எண்ணெயோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். பொறுமைக்குப் பேர்போனவள் நான் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் இதில் மட்டும் மூன்று வருஷம் பொறுமையாக இருந்தேன்.

பொதுத்தேர்வுக் கால அட்டவணை வந்த அன்றைக்குத்தான் பொறுமை போயிற்று. நாட்காட்டியை வைத்துக்கொண்டு நாள் எண்ணினேன். இயற்பியல் தேர்வு அந்த முதல் நாளில் வந்து விழுந்தது. மறுபடி எண்ணினேன். அப்படியேதான் இருந்தது. என் கணவர், "ஒண்ணு ரெண்டு நாள் தள்ளிப் போகாதோ?" என்றார். பஸ் அட்டவணையைப் பற்றிக் கேட்பது போல் இருந்தது.

தேர்வு ஒரு பக்கம். வெளியில் சொல்லாத பயம் இன்னொன்று இருந்தது. என் அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. வலி, வலி என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், எல்லோரும் சரியாகிவிடும் என்றோம். முப்பத்தெட்டு வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அது என் மகளுக்கும் காத்திருக்கிறதோ என்று நினைத்தால் தூக்கம் வராது.

ஒரு பெண் மருத்துவரிடம் போனோம். நாகர்கோவில்காரர், தமிழிலேயே பேசினார். முதலில் ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார். வராந்தாவில் உட்கார்ந்து மகள் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தாள். நான் மனசுக்குள் பத்மநாப சுவாமியிடம் பேரம் பேசினேன். ஒண்ணும் இருக்கக் கூடாது, நீ என்ன கேட்டாலும் செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். என்ன கேட்பார் என்று யோசிக்கவில்லை.

மருத்துவர் அறிக்கையைப் புரட்டிவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா. கட்டி இல்ல, நீர்க்கட்டி இல்ல. எல்லாம் சுத்தமா இருக்கு" என்றார். நான் அழுதுவிட்டேன். மகள் வெட்கப்பட்டு என் முழங்கையைக் கிள்ளினாள்.

"அப்புறம் ஏன் டாக்டர் இப்படித் துடிக்கறா?"

அவர் நிதானமாகச் சொன்னார். தைராய்டு மாதிரி ஹார்மோன்கள் ஓரிடத்தில் சுரந்து, ரத்தத்தில் ஏறி ஊர் சுற்றும். வேறு சில உண்டு, தேவைப்படுகிற இடத்திலேயே உண்டாகி, அங்கேயே வேலையை முடித்து, கொஞ்ச நேரத்தில் அழிந்து போகும். பெயர் புரோஸ்டாகிளாண்டின். கர்ப்பப்பையைப் பிழிந்து சுருக்குவது அதுதான். அளவோடு இருந்தால் தெரியாது, கூடினால் உயிர் போகிற வலி. குடலையும் விடாது, அதனால்தான் குமட்டலும் வயிற்றுப்போக்கும்.

"அது எதுலேர்ந்து உண்டாறது?"

"கொழுப்புல இருந்துதாம்மா. நாம சாப்பிடுற எண்ணெய், கொழுப்பு எல்லாம் செல்லோட சுவர்ல போய் உக்காருது. அதை உருவித்தான் உடம்பு இதைச் செய்யும்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எண்ணெய்க்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று படித்தவர் வாயாலேயே வந்துவிட்டதே! கரண்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"வெறும் வயித்துலயா? ஒரு முழுக் கரண்டியா?" என்று கேட்டு, மகளைப் பார்த்தார். "நல்லா இருக்கிற பிள்ளைக்கே அது குமட்டுமே. ஏற்கெனவே புரட்டுற வயித்துல ஊத்துனா வாந்தி வராம என்ன செய்யும்? மாத்திரையும் கூடவே போயிருக்கும்."

"அப்போ உள்ளே இளகறது?"

"சுவர்ல இருக்கிற கொழுப்பு மாற மாசக்கணக்கு ஆகும்மா. அன்னைக்குக் காலையில ஊத்துற எண்ணெய் எதையும் இளக்காது. மாத்திரை அந்தப் பொருளை உண்டாக விடாம தடுக்கும். உண்டாகி முடிஞ்ச பிறகு குடுத்தா என்ன பிரயோசனம்? வலி தொடங்கும்போதே, சாப்பாட்டுக்கு மேல குடுக்கணும்."

மூன்று வருஷமாக நான் செய்தது அத்தனையும் தலைகீழ். வெறும் வயிற்றில் தரக் கூடாததைத் தந்தேன், சீக்கிரம் தர வேண்டியதைப் பூட்டி வைத்தேன். நானும் அந்தக் கரண்டியைக் குடித்து வளர்ந்தவள்தான், நானும் வாந்தி எடுத்தவள்தான். வாந்தியும் அந்த நாளின் ஒரு பகுதி என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். என் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அவர் மேலும் சொன்னார். எந்தக் கொழுப்பு சுவரில் இருக்கிறதோ அதைப் பொறுத்து உண்டாகும் பொருளின் வேகம் மாறும். மீனில் இருக்கும் கொழுப்பிலிருந்து வருவது சற்று சாது. "மத்தி, அயலை சாப்பிட்டா கொஞ்சப் பேருக்கு வலி குறையுது. எல்லாருக்கும் குறையும்னு சொல்ல மாட்டேன்."

"எங்காத்துல முட்டைகூடக் கிடையாது" என்றேன் அவசரமாக.

"நான் மத்தி சாப்பிடுவேன்" என்றாள் என் மகள்.

எங்கே, எப்போதிலிருந்து என்று கேட்டேன். விழிஞ்ஞம் கடற்கரைத் தோழி ஒருத்தியின் டிபன் டப்பாவிலிருந்து, எட்டாம் வகுப்பு முதல், எப்போதாவது என்றாள். மருத்துவர் மருந்துச் சீட்டில் எதையோ ரொம்ப நேரம் எழுதினார்.

ஆட்டோவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். பத்மநாபர் நான் கேட்டதைக் கொடுத்தார், கூலியையும் கையோடு வாங்கிக்கொண்டார். தம்பானூர் வரும் வரை கோபம் இருந்தது. "அம்மா, தேஷ்யமா?" என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்தேன். கட்டி இல்லாத, நீர்க்கட்டி இல்லாத பெண். "அப்பாட்ட சொல்லாதே, அவ்வளவுதான்" என்றேன்.

வீட்டில் மீன் வராது, அது நடக்காது. மீனுக்குப் பதிலாக மருத்துவர் சொன்ன ஆளி விதையை வறுத்து இட்லி மிளகாய்ப்பொடியில் சேர்த்து இடித்தேன். உடம்பு அதிலிருந்து எடுத்துக்கொள்வது கொஞ்சம்தானாம், இருக்கட்டும். தோழியின் டப்பாவைப் பற்றி நான் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை.

தேர்வு நாள் வந்தது. நான் எண்ணியது தப்பவில்லை. விடிகாலையில் அடுக்களை வாசலில் வந்து நின்று, "தொடங்கிடுத்து" என்றாள். இரண்டு இட்லி, அதன் மேல் மாத்திரை. லேசாகக் குனிந்தபடியே, ஆனால் நடந்து போனாள்.

அலுவலகத்தில் கைபேசியை மேசை மேல் வைத்துக்கொண்டு, வந்த கோப்புகளை எல்லாம் தப்பும் தவறுமாகப் பார்த்தேன். பத்தரை. பதினொன்றரை. பன்னிரண்டு. அழைப்பு வரவில்லை. வராத அழைப்புக்காக நான் அப்படி மனமாரச் சந்தோஷப்பட்டது அன்றுதான். அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

ஒன்றரை மணிக்கு வந்தாள். வந்ததும் பையைத் தூக்கி எறிந்தாள், ஓவென்று அழுதாள். எனக்கு உயிரே போய்விட்டது.

"என்னடீ, வலிக்கறதா? வாந்தி எடுத்தியா?"

"அதொண்ணும் இல்லேம்மா! லாஸ்ட் கொஸ்டின்ல ஃபார்முலா மாத்தி எழுதிட்டேன். அஞ்சு மார்க் போச்சு!"

"போகட்டும்டீ, அஞ்சு மார்க்தானே!" என்று நான் சிரித்தேன். அடக்க முடியவில்லை. பரீட்சைக்கு அழுகிறவளைப் பார்த்துச் சிரிக்கிற அம்மாவை எங்கே கண்டிருப்பாள்? இன்னும் உரக்க அழுதாள்.