எடிட்டிங்: தங்கச்சி

அந்த ஆளின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. பயம் ஒன்றுமில்லை. அவர் பெயர் ஏற்கெனவே வேண்டிய மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் யூடியூப் சேனலின் ஒவ்வொரு வீடியோ முடிவிலும் ஒரு அட்டை வரும். எண்ணம், எழுத்து, படத்தொகுப்பு, இயக்கம் என்று நான்கு வரி. நான்குக்கும் எதிரே அவர் பெயர்தான். எண்ணமும் இயக்கமும் அவருடையதாகவே இருக்கட்டும். எழுதுவது நான். வெட்டி ஒட்டி வீடியோவாக்குவது தியாகதுருகத்தில் என் தெருவிலேயே இருக்கும் ஒருத்தி.

சேனல் விவசாயிகளுக்கானது. அவர் கல்வராயன் மலைக்கு ஏறிப்போய் சாமையைப் பற்றிப் பேசுவார், கீழே இறங்கிக் கரும்புத் தோட்டத்தில் நின்று பேசுவார். நான் கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். பேச வேண்டியதை எழுதிக் கொடுப்பேன். எடுத்ததை அவர் போனில் அனுப்ப, இவள் சமையலை முடித்துவிட்டுப் போனும் கையுமாக உட்காருவாள்.

அவர் வாயைத் திறந்தாலே 'வந்து'தான். "இந்த மண்ணு வந்து, வந்து பாத்தீங்கன்னா, வந்து." அத்தனை 'வந்து'வையும் இவள் அரிசியில் கல் பொறுக்குவதுபோல் பொறுக்கி எடுப்பாள். மலைக்காற்றின் இரைச்சலை அடக்குவாள். கீழே கமென்ட்டில், அண்ணன் மாதிரி தெளிவாகப் பேச ஆளே இல்லை என்று எழுதுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதில் கொடுமை, அந்தக் கடைசி அட்டையை ஒட்டுவதும் அவள்தான்.

"உன் பேர நீயே போட்டுக்க வேண்டியதுதானேடி" என்று கேட்டால், "கேக்காம எப்படிக்கா போடறது?" என்பாள். எங்கள் பக்கம் காதுகுத்துக்கு ஃப்ளெக்ஸ் வைத்தால், பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட 'இவண்' என்று போட்டுப் படத்தோடு பெயர் அச்சடிப்பார்கள். அந்தப் பிள்ளை என்ன வேலை செய்தது?

அவள் புருஷன் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன். "வூட்டு வேலைய வுட்டுட்டு எப்பப் பாரு போன நோண்டிக்கினு" என்று ஆரம்பித்து, கடைசியில் ஒரு தீர்ப்பும் சொல்லிவிட்டான். இதை வைத்து ஒரு வேலை கிடைத்தால் போகலாம், இல்லையென்றால் இத்தோடு விட்டுவிட வேண்டும். கள்ளக்குறிச்சியில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ ஒன்றில் எடிட்டிங்குக்கு ஆள் கேட்டார்கள். அவளோடு நானும் போனேன்.

ஸ்டுடியோக்காரர் அவள் போனிலேயே ஒரு வீடியோவை முழுக்கப் பார்த்தார். "நல்லா பண்ணியிருக்கீங்க" என்றார். அவள் முகம் மலர்வதற்குள் அந்த அட்டை வந்துவிட்டது. "இதுல அவரே பண்ணதா போட்டுருக்குது. நீங்க இன்னா பண்ணீங்க?" அவர் கத்தவில்லை, கிண்டலும் செய்யவில்லை. "உங்க பேரு இருக்கறதா எதுனா எடுத்துக்கினு வாங்க" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். திரும்பும்போது பஸ்ஸில் அவளுக்கும் சேர்த்து நான்தான் அந்த ஆளைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவருக்குப் போன் போட்டேன்.

"டீச்சர், நாம எல்லாம் ஒரே குடும்பம். குடும்பத்துக்குள்ள பேரு இன்னாங்க பேரு?"

"அப்ப உங்க பேரையும் எடுத்துடுங்கண்ணா."

"சரி சரி, தங்கச்சி பேர போட்டுடறேன்" என்றார்.

போட்டார். அடுத்த வீடியோவுக்குக் கீழே 'எடிட்டிங்: திரு.' என்று எழுதி அவள் புருஷன் பெயரைப் போட்டார்! நான் கேட்டதற்கு, "போன் பண்ணா அந்தப் பேருதானே டீச்சர் வருது" என்றார். சிம் கார்டு புருஷன் பெயரில் இருக்கிறது. இரண்டு வருஷமாக வாய் நிறையத் தங்கச்சி என்று கூப்பிட்ட மனுஷனுக்கு அவள் பெயரே தெரியாது. முறை வைத்துக் கூப்பிட்டே காரியம் நடந்துவிட்டது, பெயர் எதற்கு? மாற்றுங்கள் என்றேன். "புருஷன் பொண்டாட்டி, ரெண்டும் ஒண்ணுதானே, வுடுங்க" என்றார்.

புருஷன்காரன் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்கு லோடு கொண்டுபோனபோது, வரிசையில் நின்ற மற்ற டிரைவர்கள் வீடியோவில் பெயரைப் பார்த்துவிட்டு அவனைப் பாராட்டியிருக்கிறார்கள். அதை வீட்டில் வந்து பெருமையாகவே சொல்லியிருக்கிறான். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று இவள் கேட்டிருக்கிறாள்.

"சிரிச்சாராம்க்கா" என்றாள் என்னிடம்.

அடுத்து வெள்ளிமலையில் எடுத்த வீடியோ வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த புருஷனின் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்தாள். "எடிட்டிங் உங்க பேருலதானே இருக்குது. பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டாள். விளையாடுகிறாள் என்று அவன் நினைத்திருக்கிறான். அந்த ஆள் கூப்பிடக் கூப்பிட, "முடிஞ்சிடும்ணா, முடிஞ்சிடும்ணா" என்று சமாளித்தான். கடைசியில் பொறுமை இழந்து அவரே, எடுத்தது எடுத்தபடி ஏற்றிவிட்டார்.

நான் அதை உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன். காற்று இரைச்சலுக்கு நடுவில் 'வந்து, வந்து' மட்டும்தான் காதில் விழுந்தது. அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா என்று கமென்ட்டில் விசாரித்திருந்தார்கள். வாய்விட்டுச் சிரித்தேன், பாவம் என்று ஒரு துளிகூடத் தோன்றவில்லை.

மறுநாள் அவள் வீட்டில் நான் இருந்தபோது போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள். புருஷனும் பக்கத்திலேயே இருந்தான்.

"தங்கச்சி, இத கொஞ்சம் சரிபண்ணிக் குடும்மா."

"பேரு?"

"போட்டுடலாம்மா." பிறகு குரல் இறங்கியது. "வந்து... வந்து, உன் பேரு இன்னாம்மா?"

புருஷன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் தன் அப்பாவின் இனிஷியலோடு பெயரை நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "பழைய வீடியோ எல்லாத்துக்குக் கீழயும் எழுதுங்க. அப்பறமா இத பண்றேன்."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்தையும் நான்தானேண்ணா பண்ணேன்."

அவர் எழுதி முடிக்கும்வரை அவள் அந்த வீடியோவைத் தொடவில்லை. அதையும் சரிபண்ணிக் கொடுத்துவிட்டுக் கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினாள், இந்த முறை தனியாக. ஸ்டுடியோக்காரர் திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லிவிட்டார்.

எழுத்து என்ற வரிக்கு எதிரே இன்னும் அவர் பெயர்தான் இருக்கிறது. அடுத்த வீடியோவுக்கு எழுதிவிட்டீர்களா டீச்சர் என்று தினமும் மெசேஜ் அனுப்புகிறார். என் பெயரைக் கேட்கட்டும், எழுதுகிறேன்.