ஜெபராணி அம்பு ஒட்டிய பக்கம்

செய்தி வந்தபோது நான் துறை அறையில் உட்கார்ந்து மாணவர்களின் தயாரிப்புக் கோப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். காட்சித் தொடர்பியல் மூன்றாமாண்டுப் பிள்ளைகள் ஆவணப்படம் எடுப்பதற்கு முன்னால், எதை எடுக்கப்போகிறோம், எங்கே, எந்த நாளில், யாரிடம் பேசப்போகிறோம் என்று எழுதிக் கொடுக்கும் கோப்பு அது. தவறு கண்ட இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது என் வழக்கம். கைப்பேசி அதிர்ந்தது. எங்கள் வகுப்புத் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் பிரகாஷ் ஒரு புகைப்படம் போட்டிருந்தான். ஜெபராணி கிளாப் பலகையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அதற்குக் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. மஞ்சள் காமாலை. மூன்று வாரம் நாட்டு மருந்து, நான்கு நாள் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். என் வயதுதான் அவளுக்கும், முப்பத்தைந்து.

அப்போது என் விரல் நுனியில் ஓர் அம்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வழக்கம் என்னுடையது அல்ல, அவளுடையது. என் மாணவர்கள் யாருக்கும் இதை நான் சொன்னதில்லை.

அடக்கத்துக்கு நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். ஒரே வரிசையில் ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஜெபராணி வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். உள்ளே ஜெபம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஆவணப்படத்துக்குக் கேமரா பிடித்த பிரகாஷ்தான் பேச்சை எடுத்தான். "ஜெபராணி தங்கமான புள்ளைங்க. காலேஜ்ல அந்த ஒரே ஒரு தப்புத்தான் பண்ணிப்போட்டாங்க, பாவம்" என்றான். எல்லோரும் தலையாட்டினீர்கள். என் தலையும் ஆடியது. கிளம்பும்போது அவனே என்னிடம் வந்து, "நினைவு மலர் ஒண்ணு போடலாம்னு இருக்கறமுங்க சுகந்தி. நீங்கதான் அவங்களுக்கு நெருக்கம். நல்லதா ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்றான்.

எழுதியிருக்கிறேன், பிரகாஷ். அந்த ஒரே ஒரு தப்பைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

ஜெபராணியின் குடும்பம் தெற்கிலிருந்து இந்தப் பனியன் ஊருக்குப் பிழைக்க வந்தது. அம்மா எஸ்தர் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தார். தைத்து வரும் துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஒட்ட வேண்டும். விடுமுறைகளில் ஜெபராணியும் அந்த வேலைக்குப் போயிருக்கிறாள். அம்மாவின் பையில் மிஞ்சும் ஸ்டிக்கர் சுருளைக் கல்லூரிக்கு எடுத்து வருவாள். மூன்றாமாண்டில் எங்கள் படத்துக்கான கோப்பு தயாரிக்க ஆரம்பித்தபோது நான் இயக்குநர், அவள் தயாரிப்பு நிர்வாகி. செக்கிங் பெண்களைப் பற்றி அரைமணி நேரப் படம் எடுப்பதாக முடிவாகியிருந்தது. நன்றாக வந்தால் உள்ளூர் கேபிள் சேனலில் ஒளிபரப்புவார்கள். நான் நான்கு நாள் உட்கார்ந்து எழுதிய திரைக்கதையை அவளிடம் கொடுத்தேன். மறுநாள் பதினோரு அம்புகளோடு திரும்பி வந்தது.

"ஏட்டி, எழுத்தெல்லாம் ஒசத்தியாத்தான் இருக்கு. ஆனா இதுல யாரும் சாப்பிடவும் இல்ல, ஒண்ணுக்குப் போவவும் இல்ல. மனுசங்க எங்க?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்று தெரிந்ததால் வந்த கோபம். அப்பாவின் கடை, சொந்த வீடு, ஸ்கூட்டர் என்று வளர்ந்தவள் நான். இந்த ஊரை அவள் தெரிந்துவைத்திருந்த அளவுக்கு, இங்கேயே பிறந்த எனக்குத் தெரியாது. அது என்னை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

இடம் பார்க்கப் போனதும் அவள் யோசனைதான். குண்டடம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி வேன் வரும். நாங்கள் முதல் பஸ்ஸில் போய் அந்த நிறுத்தத்தில் நின்றோம். நான் கேமராவை எடுத்தேன். "கேமரா கடைசியா வரட்டும்" என்று பைக்குள் போட வைத்தாள். ஐந்து நாள் சும்மா போய் நின்றோம். ஆறாவது நாள் ஒரு பெண் தானாகவே வந்து, "ஏனுங் கண்ணு, தெனமும் இங்க வந்து நிக்கறீங்க, யார் ஊட்டுப் புள்ளைங்க?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவர்கள் பேச்சை நிறுத்தவில்லை. கழிப்பறைக்குப் போக யாரிடம் கேட்க வேண்டும், எத்தனை நிமிடத்தில் திரும்ப வேண்டும், துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஆடிட்டுக்கு வரும் நாளில் என்ன சொல்லச் சொல்லுவார்கள், எல்லாம் சொன்னார்கள். குண்டடம் பெண்கள் நான்கு பேர், லைன் வீட்டில் இரண்டு பேர், அதில் ஒருவர் அவள் அம்மா. ஆறு பேர் பேச்சையும் ஜெபராணி தன் போனில் பதிவு செய்தாள். வேன் நிறுத்தம், டீக்கடை, வீட்டுச் சமையல், ஞாயிற்றுக்கிழமைத் துணி துவைப்பு, இவ்வளவிலேயே முழுப் படத்தையும் நாள்வாரியாக ஒரு நோட்டில் திட்டம் போட்டுவிட்டாள். "கேட்டுக்கு உள்ள போனா அது கம்பெனிக்காரன் படம். வெளிய நின்னா நம்ம படம்" என்பாள்.

எனக்கு உள்ளே போக வேண்டும். வரிசை வரிசையாக மிஷின்கள், மேலே வெள்ளை விளக்குகள், கேமரா மெல்ல நகர வேண்டும். அந்த ஒரு ஷாட்டை நான் மனதில் எடுத்து முடித்திருந்தேன். ஜெபராணி சொந்தத்தில் ஒரு சாவுக்கு இரண்டு நாள் ஊருக்குப் போனாள். நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் போனாள். நான் நேராகக் கம்பெனிக்குப் போனேன்.

அங்கே மேலாளர் ஒருவர். அவ்வளவு மரியாதையான மனிதரை நான் பார்த்ததில்லை. டீ, பிஸ்கட் வந்தது. "படிக்கற புள்ளைங்க நீங்க, உங்களுக்கு இல்லைன்னு சொல்லுவமா கண்ணு? யார் யார்கிட்டப் பேசோணும்னு பேரு குடுத்தீங்கன்னா, லைன்ல இருந்து ஃப்ரீ பண்ணி ஏசி ரூம்ல உக்கார வெச்சர்றமுங்க. கேள்வியவும் சேத்திக் குடுத்துருங்க. பாவம், பயந்துக்குவாங்க பாருங்க, நாங்களே தயார் பண்ணி வெச்சர்றோம்" என்றார். தேன் ஒழுகியது.

ஜெபராணியின் நோட்டில் ஆறு பேரின் பெயரும் ஒரே ஒரு பக்கத்தில்தான் இருந்தன. யாரை எந்த நாள் எடுப்பது என்பதற்காக எழுதிய பக்கம். அதன் தலையில் ஓர் அம்பு ஒட்டி, "இது வெளிய போகக் கூடாது" என்று எழுதியிருந்தாள். நான் அதைப் படித்தேன். படிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. அம்பை உரித்து மேசை விளிம்பில் ஒட்டிவிட்டு, பெயர், பிரிவு, கேட்கப்போகும் கேள்வி என்று துறையின் படிவத்தில் கட்டம் கட்டி நிரப்பினேன். படிவத்தின் அடியில் தயாரிப்பு நிர்வாகியின் பெயர் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. அவளுக்காக என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலையில் குண்டடம் நிறுத்தத்தில் அந்த நான்கு பெண்களுக்காக வேன் நிற்கவில்லை. வேகத்தைக்கூடக் குறைக்காமல் போனதாம். எஸ்தர் அம்மாவிடமும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடமும் கம்பெனி கேட்டிலேயே நிறுத்தி, "ஆர்டர் கம்மியாயிருச்சுங்கம்மா, சொல்லி அனுப்பறோமுங்க" என்றார்களாம். வேறு கம்பெனிகளிலும் போய்க் கேட்டார்கள். போன் அவர்களுக்கு முன்னாலேயே போயிருந்தது. குண்டடத்திலிருந்து ஒரு பெண் பஸ் ஏறி வந்து, லைன் வீட்டு வாசலில் நின்று, ஜெபராணியின் பெயரைச் சொல்லி மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார். ஜெபராணி அவர் போகும்வரை வாசலிலேயே நின்றிருக்கிறாள்.

விஷயம் கல்லூரி வரைக்கும் வந்தது. துறைத்தலைவர் எங்களை அழைத்து, பட்டியலைக் கொடுத்தது யார் என்று கேட்டார். பிரகாஷ், நீயும் அங்கே இருந்தாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "ஃபைலெல்லாம் ஜெபராணிதான் சார் பார்த்துக்கிறா" என்றேன். பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாத பொய். அவள் என்னைப் பார்த்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். "ஆமா சார், எம்பேருதான போட்டுருக்கு" என்றாள்.

வெளியே வந்ததும் ஏன் ஒத்துக்கொண்டாய் என்று கேட்டேன். கேட்கவும் வாய் வந்தது பாருங்கள்.

"நீ டைரக்டரு. ஒன்னய நிறுத்துனா படம் நின்னுரும். படம் நின்னா அவங்க பேசுனதெல்லாம் என்னத்துக்கு? போன்ல இருக்க குரல மட்டும் படத்துல போட்ரு. மூஞ்சி வேண்டாம், பேரு வேண்டாம். குரலு போதும்" என்றாள். ஆறு பதிவுகளையும் ஒரு மெமரி கார்டில் ஏற்றிக் கையில் கொடுத்தாள். போடுகிறேன் என்று சொன்னேன்.

கம்பெனி எங்களை உள்ளே விட்டது. தரை பளபளத்தது. எல்லோர் முகத்திலும் புது முகக்கவசம். ஆடிட் நாளில் எப்படி இருக்கும் என்று அந்தப் பெண்கள் சொன்னார்களோ அப்படியே இருந்தது. எனக்கு வேண்டிய ஷாட் கிடைத்தது. குரல்களைச் சேர்த்தால் வம்பு வரும் என்று துறைத்தலைவர் லேசாகத்தான் சொன்னார். அந்த லேசே எனக்குப் போதுமானதாக இருந்தது. அரைமணி நேரமும் இசை போட்டு நிரப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கேபிளில் வந்தது. ஜெபராணி லைன் வீட்டுக்கு ஐந்து பெண்களையும் வரவழைத்திருந்தாள். மண் வாரித் தூற்றியவர் உட்பட. குரல் வரும், கேளுங்கள் என்று சொல்லி அம்மாவோடு சேர்த்து உட்கார வைத்திருக்கிறாள். கடைசிப் பெயர் ஓடி முடிகிறவரை அவர்கள் பார்த்தார்கள். மறுநாள் வகுப்பு வாசலில் என்னிடம் ஒரே வார்த்தைதான் கேட்டாள். "எங்கட்டி?"

ஆடியோ சரியில்லை என்றேன். "ஆடியோ நல்லாத்தான இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். படத்துக்கு முதல் பரிசு கிடைத்தது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். எங்களில் யாரைவிடவும் நன்றாகப் படம் திட்டமிடத் தெரிந்தவள் ஒரு கம்பெனியின் சாம்பிள் பிரிவில் வேலைக்குப் போனாள். நான் மேலே படித்து, அதே துறைக்கு ஆசிரியையாக வந்தேன். ஒவ்வொரு வருடமும் தயாரிப்புத் திட்டமிடல் பாடத்தில் ஒரு கதை சொல்வேன். பெயர்ப்பட்டியலைக் கம்பெனிக்குக் கொடுத்து ஆறு பேர் வேலையைப் போக்கிய ஒரு தயாரிப்பு நிர்வாகியின் கதை. பிள்ளைகள் உச்சுக்கொட்டுவார்கள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று ஒரு சொலவடை உண்டு. நான் பழியைப் பாடத்திட்டத்திலேயே சேர்த்துவிட்டேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் பல்லடம் பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்தேன். கூட மகள் இருந்தாள். "இவங்கதான் நான் சொல்லுவேன்லா, டைரக்டர் ஆன்ட்டி" என்று அறிமுகம் செய்துவைத்தாள். குழந்தை எனக்கு வணக்கம் சொன்னது.

"நீ பரீட்சைப் பேப்பர்ல எல்லாம் அம்பு ஒட்டுதியாமே? பிரகாஷ் சொன்னான்" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"ஒட்டுனா மட்டும் போதாதுட்டி. அம்பு ஒட்டுன பீசு ஆல்ட்ரேசனுக்குப் போவணும். அப்பிடியே பெட்டில வச்சு அனுப்பப்படாது." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது என்று எழுத ஆசையாக இருக்கிறது. பஸ் வரக் கால்மணி நேரம் ஆனது. நான் குழந்தை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.

அடக்கத்தன்று எஸ்தர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவ ஒன்னயப் பத்தித் தப்பா ஒரு வார்த்த சொன்னதில்ல தாயி" என்றார். அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்று எனக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து பீரோவைத் துழாவி அந்த மெமரி கார்டை எடுத்தேன். அவள் கொடுத்ததில் என்னிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட முழுதாகக் கேட்டதில்லை.

பட்டியலைக் கொடுத்தது ஜெபராணி அல்ல, நான். குண்டடத்துப் பெண்கள் நால்வரும், லைன் வீட்டு அக்காவும், எஸ்தர் அம்மாவும் இதை அச்சில் படிக்க வேண்டும். இந்தப் பக்கங்களை நானே எடுத்துப் போய் எஸ்தர் அம்மாவுக்குப் படித்துக் காட்டப்போகிறேன். அதற்குப் பிறகு கார்டை அவரிடமே கொடுத்துவிடுவேன். ஜெபராணியின் மகள் அம்மாவின் குரலை அதில் கேட்கலாம்.

நேற்று இரவு ஆறு பதிவுகளையும் முழுதாகக் கேட்டேன். எல்லாமே அவள் குரலில்தான் தொடங்குகின்றன. "அக்கா, பேரு சொல்ல வேண்டாம். வேலையச் சொல்லுங்க, போதும்." கடைசிப் பதிவு அவள் அம்மாவுடையது. அவரிடமும் அதையே சொல்கிறாள். எஸ்தர் அம்மா சிரிக்கிறார். "பெத்தவகிட்டயுமா இதச் சொல்லுவ? நம்ம வீட்டுக்குள்ளதான பேசுதோம்?" என்கிறார்.

"இருக்கட்டும்மா. பொறவு இது யாரு கையில போய்ச் சேருமோ" என்கிறாள் ஜெபராணி.

என் கையில்தான் வந்து சேர்ந்தது.