தியாவுக்குச் சேர வேண்டிய பொட்டலம்

பாதிக்கப்பட்டவள் தியா, வயது எட்டு மாதம். வாரம் ஒருமுறை அவளுக்குச் சேர வேண்டிய மலேரியாத் தடுப்பு மருந்தைச் சேரவிடாமல் செய்தவர்கள், அவளை உயிராக நினைப்பவர்கள். பார்மசி படித்துக்கொண்டே, ராஜா அண்ணாமலைபுரத்தில் வெளிநாடு போகிறவர்களுக்கான கிளினிக்கில் மாலையில் மருந்து கொடுக்கிறேன். கொடுப்பது சுலபம், சாப்பிட வைப்பதுதான் தொழில். வீட்டில் யாருக்காவது மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்தித் திட்டு வாங்கியவர்கள் என் பக்கம் வந்து உட்காருங்கள்.

நாள் பார்த்தது

தியாவின் அப்பா கார்த்திக்குக்கு உகாண்டாவில் இரண்டு மாத வேலை. மனைவி வித்யாவும் குழந்தையும் கூடப் போகிறார்கள். அவர்கள் கிளினிக்குக்கு வந்த அன்று செவ்வாய், விமானம் அடுத்த வாரம் புதன். வாரத்துக்கு ஒன்றாகக் கட்டிய பொட்டலங்களில் முதலாவதை இங்கேயே கொடுத்தால் கிளம்புவதற்குள் இரண்டு உள்ளே போய்விடும். கார்த்திக்கின் அப்பா தடுத்தார். "செவ்வாக்கிழமை யாராவது மருந்து ஆரம்பிப்பாளா? வியாழக்கிழமை ஆத்துல கொடுத்துக்கறோம்."

அப்படியென்றால் கிளம்புவதற்குள் ஒன்றுதான் போகும், கொசு பஞ்சாங்கம் பார்க்காது மாமா என்றேன்.

"கொசு பார்க்காதும்மா, நாங்க பார்ப்போம்."

மீதிப் பால்

வியாழன் மாலை கார்த்திக் போன் செய்தார். ஒரு ஸ்பூன் பாலில் குழைக்கச் சொன்னதை பாட்டில் நிறையக் கலந்திருக்கிறார்கள். தியா நாலு மடக்கு குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மீதி? வீணாக்க மனசு வராமல் அவரே குடித்துவிட்டாராம்! "மருந்து வீட்டை விட்டு வெளிய போகலையே" என்கிறார். டாக்டரைக் கேட்டு வேறு பொட்டலம் கட்டுவதற்குள் என் குரல் தெருமுனை வரை போயிருக்கும். பில் போடும் செல்வி அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கொய்ந்தைக்கு மலேரியா வருமோ இன்னாவோ, உனக்கு பிரஷர் வந்துகினு கீது."

திரும்பி வந்த நான்கு

ஊர் திரும்பியும் நான்கு வாரம் கொடுக்க வேண்டும் என்று எழுதியே தந்திருந்தேன். வந்து ஐந்து நாள் கழித்து மாமா நான்கு பொட்டலத்தையும் பிரிக்காமல் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். பின்னால் தியாவோடு வித்யா. "அதான் மயிலாப்பூர் வந்தாச்சே. வேற யாருக்காவது கொடுங்கோ."

பொரிந்து தள்ளினேன். கடைசி நாள் கடித்திருந்தாலும் போதும், கிருமி உடம்பில் பதுங்கியிருந்து பல நாள் கழித்துக் கிளம்பும். வியாழன் தவறியதே தப்பு, இன்றே கொடுக்க வேண்டும். இன்று செவ்வாய் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

வித்யா குழந்தையின் சட்டைக் கையை மேலே தள்ளினாள். மணிக்கட்டில் மூன்று சிவப்புத் தடிப்பு. "அங்கேர்ந்து கிளம்பற அன்னிக்குக் கடிச்சதுப்பா."

மாமா அதைத் தடவிப் பார்த்தார். ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். நான் தொண்டை வறளப் பேசியும் கிடைக்காமல், மூன்று கொசுக்கள் வாங்கித் தந்த பதில் இது:

"செவ்வாயாவது கிவ்வாயாவது, ஒரு ஸ்பூன் கொடும்மா."